ஜார்ஜ் ஓம்: 8 கம்பிகளை வைத்து மின்சாரக் கணக்கைக் கண்டுபிடித்தவர் வாத்தியார் வேலையை விட்டது ஏன்?

புனேவிலிருந்து லோனாவாலா போகும் லோக்கல் ரயிலில் ஏறி தளேகாவில் இறங்கினால், தண்டவாளத்துக்கு மேலே போகும் மின்கம்பியைப் பார்க்கலாம். கல்யாணிலிருந்து போர் காட் மலை ஏறி, லோனாவாலா, தளேகாவ் வழியாகப் புனே வரும் இந்தப் பாதை 1929-ம் ஆண்டிலேயே மின்மயமானது. அப்போது அந்தக் கம்பியில் இருந்தது 1,500 வோல்ட், டிசி மின்சாரம். இப்போது இருப்பது 25,000 வோல்ட், ஏசி மின்சாரம்.

பாதை அதேதான். ஊர்களும் அதேதான். பிறகு ஏன் வோல்டேஜை மட்டும் 16 மடங்குக்கு மேல் ஏற்றினார்கள்?

பதில் சொல்ல ஒரு வகுத்தலும் ஒரு பெருக்கலும் போதும். பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் நீங்கள் படித்த அதே கணக்குதான். அந்த வகுத்தலை உலகத்துக்குக் கொடுத்தவர் ஜார்ஜ் சைமன் ஓம் என்ற ஜெர்மானியப் பள்ளி ஆசிரியர். அதைப் புத்தகமாக வெளியிட்ட அடுத்த ஆண்டே அவர் வேலையில் இல்லை. உலகம் அவரைத் திரும்பிப் பார்க்க 14 ஆண்டுகள் ஆயின.

யார் இந்த ஓம்? அவர் அளந்தது என்ன? அந்தக் கணக்கை உங்கள் வீட்டு ஹீட்டருக்கு எப்படிப் போடுவது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பூட்டுத் தொழிலாளியின் மகன்

முதலில் ஒரு விஷயம். பிரணவ மந்திரத்துக்கும் இந்த ஓமுக்கும் சம்பந்தம் இல்லை. இது குடும்பப் பெயர்.

ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் 1789 மார்ச் 16 அன்று பிறந்தார் ஜார்ஜ் ஓம். அப்பா ஜோஹன் வுல்ஃப்காங் ஓம் பூட்டு செய்யும் தொழிலாளி. கல்லூரிப் பக்கம் போகாதவர். ஆனால் கணிதமும் அறிவியலும் தானாகவே படித்து, தன் பிள்ளைகளுக்கு அவரே சொல்லிக் கொடுத்தார். குடும்பத்தில் பிறந்த ஏழு குழந்தைகளில் மூன்று பேர்தான் பிழைத்தார்கள். ஜார்ஜுக்குப் பத்து வயதானபோது அம்மா இறந்துவிட்டார். தம்பி மார்ட்டின் பின்னாளில் பெயர் பெற்ற கணித அறிஞரானார்.

1805-ல் ஜார்ஜ் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். சேர்ந்த கையோடு நடனம், பில்லியர்ட்ஸ், பனிச்சறுக்கு என்று பொழுது போனது. தனக்குக் கிடைக்காத படிப்பை மகன் இப்படி வீணாக்குகிறானே என்று அப்பாவுக்குக் கோபம். மூன்று பருவங்களோடு படிப்பு நின்றது. 1806-ல், 17 வயதில், சுவிட்சர்லாந்தில் ஒரு பள்ளிக்கு ஆசிரியராகப் போனார்.

அங்கே வேலை பார்த்துக்கொண்டே கணிதத்தைத் தனியாகப் படித்தார். 1811-ல் எர்லாங்கன் திரும்பி முனைவர் பட்டம் வாங்கினார். பல்கலைக்கழகத்தில் கிடைத்த சிறு வேலையில் வருமானம் போதவில்லை. 1813-ல் பாம்பெர்க் நகரில் பள்ளி வேலை. மூன்று ஆண்டுகளில் அந்தப் பள்ளியையே மூடிவிட்டார்கள். 1817-ல் தான் எழுதிய வடிவியல் புத்தகத்தைப் பிரஷ்ய அரசருக்கு அனுப்பிவைத்தார். அதன் பலனாக, கொலோன் நகரில் ஒரு நல்ல பள்ளியில் கணிதமும் இயற்பியலும் சொல்லித்தரும் வேலை கிடைத்தது.

அந்தப் பள்ளியில் ஓர் ஆய்வுக்கூடம் இருந்தது. எல்லாமே அங்கேதான் தொடங்கியது.

அன்று மின்சாரத்தை எப்படி அளந்தார்கள்?

சுருக்கமாகச் சொன்னால், சரியாக அளக்கவே இல்லை. வோல்டா 1800-ல் பேட்டரியைக் கண்டுபிடித்துவிட்டார். மின்சாரம் ஓடும் கம்பிக்கு அருகே காந்த ஊசி திரும்பும் என்று 1820-ல் ஓர்ஸ்டெட் காட்டிவிட்டார். ஆனால் வோல்ட், ஆம்பியர் போன்ற அலகுகள் எதுவும் இல்லை. கடையில் வாங்க மீட்டரும் இல்லை.

ஓம் கேட்ட கேள்வி எளிமையானது. ஒரே பேட்டரியில் கம்பியின் நீளத்தைக் கூட்டிக்கொண்டே போனால், ஓடும் மின்சாரம் எந்தக் கணக்கில் குறையும்?

1825-ல் அவர் வெளியிட்ட முதல் விடை தப்பாகப் போனது. மடக்கை வடிவத்தில் ஒரு சூத்திரம் சொன்னார். அது பொருந்தவில்லை. அவருக்கு இருந்த பெரிய தலைவலி பேட்டரி. அமிலத்தில் உலோகத் தகடுகளை வைத்துச் செய்த அந்தக் கால பேட்டரியில், மின்சாரம் எடுக்க எடுக்கத் தள்ளும் சக்தி இறங்கும். அளவுகோலே சுருங்கிக்கொண்டிருந்தால் துணியை எப்படி அளப்பது?

ஆய்விதழ் ஆசிரியர் போகன்டோர்ஃப் ஒரு யோசனை சொன்னார். பேட்டரியை விட்டுவிட்டு வெப்ப மின்னிரட்டையைப் பயன்படுத்துங்கள் என்றார். செம்பையும் பிஸ்மத்தையும் இணைத்து, ஒரு முனையைக் கொதிக்கும் தண்ணீரிலும் மறு முனையை ஐஸிலும் வைத்தால் லேசாக மின்சாரம் வரும். தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலையும் ஐஸ் உருகும் வெப்பநிலையும் மாறுவதில்லை. அதனால் தள்ளும் சக்தியும் மாறாது. ஓமுக்குத் தேவைப்பட்டது இதுதான்.

எட்டு கம்பிகள், எட்டு எண்கள்

ஒரே தடிமனில் எட்டு செம்புக் கம்பிகளை எடுத்துக்கொண்டார். மிகச் சிறியது 2 அங்குலம், மிக நீளமானது 130 அங்குலம். காந்த ஊசியைத் தொங்கவிட்டு, மின்சாரம் அதைத் திருப்பும்போது எவ்வளவு முறுக்கினால் ஊசி பழைய இடத்துக்கு வரும் என்று குறித்தார். முறுக்கு அதிகம் என்றால் மின்னோட்டம் அதிகம் என்று அர்த்தம்.

1826 ஜனவரி 8 அன்று அவருக்குக் கிடைத்த எண்கள் இவை:

2 அங்குலம் – 326.75
4 அங்குலம் – 300.75
6 அங்குலம் – 277.75
10 அங்குலம் – 238.25
18 அங்குலம் – 190.75
34 அங்குலம் – 134.5
66 அங்குலம் – 83.25
130 அங்குலம் – 48.5

கொஞ்சம் உற்றுப் பாருங்க. கம்பியின் நீளம் 65 மடங்கு கூடியிருக்கிறது. ஆனால் மின்னோட்டம் 65-ல் ஒரு பங்காகக் குறையவில்லை, ஏழில் ஒரு பங்கு அளவுக்குத்தான் குறைந்திருக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் இதில் எந்த ஒழுங்கும் தெரியாது.

ஓம் பிடித்த நுணுக்கம் இங்கேதான் இருக்கிறது. மின்சாரம் அந்தச் செம்புக் கம்பியில் மட்டும் ஓடவில்லை. பிஸ்மத், இணைப்புகள், கருவி என்று சுற்றின் மற்ற பகுதிகள் வழியாகவும் ஓடுகிறது. அவையும் தடை கொடுக்கும். அந்த நிலையான தடை, இதே கம்பியில் 20.25 அங்குலத்துக்குச் சமம் என்று கணக்கிட்டார்.

இப்போது ஒவ்வொரு நீளத்தோடும் 20.25-ஐக் கூட்டி, பக்கத்தில் இருக்கும் எண்ணால் பெருக்கிப் பாருங்கள். 2 அங்குலக் கம்பிக்கு 22.25 × 326.75, அதாவது சுமார் 7,270. 18 அங்குலத்துக்கு 38.25 × 190.75, சுமார் 7,296. 34 அங்குலத்துக்கு 7,297. 130 அங்குலத்துக்கு 7,287. எட்டையும் போட்டுப் பார்த்தால் எல்லா விடைகளும் 7,180-க்கும் 7,300-க்கும் நடுவில் வந்து நிற்கின்றன. ஏறக்குறைய ஒரே எண்!

மின்னோட்டத்தை மொத்தத் தடையால் பெருக்கினால் விடை மாறுவதில்லை. அந்த மாறாத எண்தான் தள்ளும் சக்தி. நாம் இன்று மின்னழுத்தம் அல்லது வோல்டேஜ் என்று சொல்வது அதைத்தான். கொதிக்கும் தண்ணீரும் ஐஸும் மாறவில்லை, ஆகவே அதுவும் மாறவில்லை.

இதையே திருப்பி எழுதினால் பள்ளிப் பாடம் கிடைத்துவிடும்:

மின்தடை = மின்னழுத்தம் ÷ மின்னோட்டம்

ஒரு கம்பிக்குள் எவ்வளவு தடை இருக்கிறது என்று கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் அளக்க முடிந்த இரண்டு எண்களை வைத்து அதைக் கண்டுபிடித்துவிடலாம். ஓமின் பங்களிப்பை ஒரு வரியில் சொல்லச் சொன்னால் இதுதான்.

பிறகு ஏன் வேலையை விட்டார்?

ஓமுக்குப் பள்ளியிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போக ஆசை. அதற்கு ஒரு பெரிய புத்தகம் வேண்டும் என்று நினைத்தார். 1826-ல் பள்ளியில் ஓராண்டு விடுப்பு கேட்டார். கொடுத்தார்கள், பாதிச் சம்பளத்தில். பெர்லின் போய் உட்கார்ந்து எழுதினார். மின்சுற்றைக் கணித முறையில் விளக்கும் அந்தப் புத்தகம் 1827-ல் வெளிவந்தது.

எதிர்பார்த்த வரவேற்பு கிடைக்கவில்லை. அதற்குக் காரணங்கள் இருந்தன. பிரெஞ்சு அறிஞர் ஃபூரியே வெப்பத்தைக் கணக்கிட்ட முறையை ஓம் பின்பற்றினார். சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கு வெப்பம் பாய்வது போலத்தான் மின்சாரமும் பாய்கிறது என்பது அவர் பார்வை. புத்தகத்தின் பெரும்பகுதி கணிதம். ஜெர்மனியில் அன்று பல இயற்பியல் அறிஞர்கள் இயற்கையைச் சமன்பாடுகளில் அடைப்பதையே விரும்பவில்லை. கணிதம் தெரிந்தவர்களுக்கோ, எழுதியவர் பெயர் தெரியாத ஒரு பள்ளி ஆசிரியர். கடுமையான விமர்சனமும் வந்தது.

1828-ல் ஓம் கொலோன் பள்ளி வேலையை ராஜினாமா செய்தார். அவரை யாரும் துரத்தவில்லை. பழைய இடத்துக்குத் திரும்பிப் போக மனம் வரவில்லை, போக நினைத்த இடத்தில் கதவு திறக்கவில்லை. அப்போது அவருக்கு வயது 39. அடுத்த சில ஆண்டுகள் பெர்லினில் வாரத்துக்குச் சில மணி நேரம் கணிதம் சொல்லிக் கொடுத்து வாழ்ந்தார். 1833-ல்தான் நியூரம்பர்க் பாலிடெக்னிக்கில் நிலையான வேலை அமைந்தது.

இதே உண்மையை அவருக்கு முன்பே ஒருவர் தொட்டிருந்தார் என்பது இன்னொரு வேடிக்கை. இங்கிலாந்தின் ஹென்றி கேவண்டிஷ், மீட்டர் இல்லாத காலத்தில், தன் உடம்பில் ஷாக் வாங்கி, அதன் வலுவை வைத்தே மின்னோட்டத்தை மதிப்பிட்டவர். 1781-லேயே அவர் இந்த உறவை எட்டிவிட்டார். ஆனால் வெளியிடவில்லை. அந்தக் குறிப்புகளை மேக்ஸ்வெல் அச்சிட்டது 1879-ல். வெளியிடாததால் கேவண்டிஷுக்குப் பெயர் கிடைக்கவில்லை, வெளியிட்டதால் ஓமுக்கு நிம்மதி கிடைக்கவில்லை.

1841: காற்று திரும்பிய ஆண்டு

ஓம் சும்மா இருந்தாலும் அவர் கணக்கு சும்மா இருக்கவில்லை. லைப்சிக்கில் ஃபெக்னர் அதைச் சோதித்துச் சரி என்றார். ரஷ்யாவில் லென்ஸ் அதைப் பயன்படுத்தினார். பிரான்ஸில் பூயே 1830-களில் அதே உறவுக்கு வந்து சேர்ந்தார். 1841-ல் ஓமின் புத்தகம் ஆங்கிலத்தில் வெளியானது. அதே ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டி தனது உயரிய கோப்லி பதக்கத்தை அவருக்கு வழங்கியது. சொந்த நாடு கவனிக்காததை அயல்நாடு கவனித்தது. பவேரிய அறிவியல் கழகம் அவரை முழு உறுப்பினராக்கியது 1845-ல்.

1841-ல் இன்னொன்றும் நடந்தது. இங்கிலாந்தில் மதுபானம் தயாரிக்கும் குடும்பத்தைச் சேர்ந்த 22 வயது ஜேம்ஸ் ஜூல், கம்பியில் மின்சாரம் ஓடும்போது எவ்வளவு சூடு பிறக்கிறது என்று அளந்து வெளியிட்டார். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகிறது, மூன்று மடங்கானால் ஒன்பது மடங்காகிறது. மின்தடை கூடினால் சூடும் அதே அளவில் கூடுகிறது.

ஓமின் வகுத்தலோடு இதைச் சேர்த்தால் மின்திறன் கணக்கு முழுமையாகிவிடும்:

மின்திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம்
வெப்பமாகும் திறன் = மின்னோட்டம் × மின்னோட்டம் × மின்தடை

முதலாவது, ஒரு கருவி மொத்தமாக எவ்வளவு வாட் எடுக்கிறது என்று சொல்லும். இரண்டாவது, அதில் எவ்வளவு தடையில் சூடாக மாறுகிறது என்று சொல்லும். கருவி வெறும் தடை மட்டும்தான் என்றால், ஹீட்டர் மாதிரி, இரண்டும் ஒரே விடையைத் தரும்.

உங்கள் வீட்டில் போட்டுப் பாருங்கள்

தண்ணீர் சூடாக்கும் ஒரு ஹீட்டரில் 230 வோல்ட், 2,000 வாட் என்று எழுதியிருக்கிறது என வைத்துக்கொள்ளுங்கள்.

மின்னோட்டம்: 2,000 ÷ 230 = சுமார் 8.7 ஆம்பியர்.
மின்தடை: 230 ÷ 8.7 = சுமார் 26.4 ஓம்.

முதல் வரியே ஒரு எச்சரிக்கை. சுவரில் இருக்கும் சாதாரண சின்ன பிளக் பாயின்ட் 6 ஆம்பியருக்கானது. 8.7 ஆம்பியர் இழுக்கும் ஹீட்டரை அதில் செருகக் கூடாது. அதற்குத்தான் 16 ஆம்பியர் பவர் பாயின்ட் இருக்கிறது.

இன்னொரு கேள்வி. கோடை மாலையில் வோல்டேஜ் 180-க்கு இறங்கிவிடுகிறது. ஹீட்டர் எவ்வளவு வேலை செய்யும்? கம்பிச்சுருள் அதேதான், தடையும் ஏறக்குறைய அதேதான். 180 ÷ 26.4 = 6.8 ஆம்பியர். 180 × 6.8 = சுமார் 1,225 வாட். வோல்டேஜ் 22 சதவீதம்தான் குறைந்தது, சூடு 39 சதவீதம் போச்சு. தண்ணீர் காய ஏன் இவ்வளவு நேரம் ஆகிறது என்பதற்குக் காரணம் இதுதான்.

அடுத்தது கொஞ்சம் ஆபத்தானது. பிளக் தளர்ந்து, இணைப்பில் அரை ஓம் தடை சேர்ந்துவிட்டது என்று வையுங்கள். அரை ஓம்தானே என்று தோன்றும். ஆனால் அங்கே பிறக்கும் சூடு 8.7 × 8.7 × 0.5, சுமார் 38 வாட். ஒரு சாலிடரிங் அயர்ன் அளவுக்கான சூடு, பிளாஸ்டிக் பிளக்குக்குள்ளே. பிளக் கருகுவதும் வயர் உருகுவதும் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. அதே இடத்தில் அரை ஆம்பியர் இழுக்கும் மின்விசிறி ஓடினால் சூடு 0.125 வாட்தான். கையில் தெரியாது.

ஒன்றை நினைவில் வையுங்கள். இந்த நேரடிக் கணக்கு எல்லாக் கருவிக்கும் அப்படியே செல்லாது. எல்இடி பல்பில் வோல்டேஜும் கரன்ட்டும் ஒரே விகிதத்தில் ஏறுவதில்லை. பழைய குண்டு பல்பின் இழை சூடாகும்போது அதன் தடை பல மடங்கு கூடும். மோட்டார், ஃபிரிட்ஜ் போன்ற ஏசி கருவிகளில் பவர் ஃபேக்டர் என்று இன்னொரு எண்ணையும் பெருக்க வேண்டும். மல்டிமீட்டரில் தடையை அளப்பதாக இருந்தால், மின் இணைப்பைத் துண்டித்த பிறகுதான் அளக்க வேண்டும்.

தளேகாவ் கேள்விக்கு விடை

இப்போது ரயிலுக்கு வருவோம். புரிந்துகொள்வதற்காக எளிமையான எண்களை எடுத்துக்கொள்வோம். துணை மின்நிலையம் 3,000 கிலோவாட் அனுப்புகிறது. அங்கிருந்து ரயில் இருக்கும் இடம் வரை கம்பியின் தடை வெறும் 0.1 ஓம்.

1,500 வோல்ட்டில் அனுப்பினால்: மின்னோட்டம் 2,000 ஆம்பியர். கம்பியில் வீணாகும் திறன் 2,000 × 2,000 × 0.1 = 400 கிலோவாட். வழியிலேயே 200 வோல்ட் இறங்கிவிடும். இன்ஜினுக்குக் கிடைப்பது 1,300 வோல்ட்தான்.

25,000 வோல்ட்டில் அனுப்பினால்: மின்னோட்டம் 120 ஆம்பியர். வீணாவது 120 × 120 × 0.1 = 1.44 கிலோவாட். வழியில் இறங்குவது 12 வோல்ட்.

400 எங்கே, 1.44 எங்கே? மின்னோட்டம் சுமார் 17 மடங்கு குறைந்ததால், இழப்பு சுமார் 278 மடங்கு குறைந்துவிட்டது. நிஜத்தில் ஏசி என்பதால் கணக்கில் வேறு சில விஷயங்களும் சேரும், ஆனால் அடிப்படை இதுதான். 1,500 வோல்ட் பாதையில் தடித்த கம்பியும் அடிக்கடி துணை மின்நிலையங்களும் தேவைப்பட்டன. 25,000 வோல்ட்டில் மெல்லிய கம்பி போதும், துணை மின்நிலையங்களையும் தள்ளித் தள்ளி வைக்கலாம்.

1929-ல் அது தெரியாமல் இல்லை. அன்றைய ரயில் மோட்டார்களுக்கு டிசிதான் ஒத்துவந்தது. அதிக வோல்டேஜ் ஏசியை வாங்கி, ரயிலுக்குள்ளேயே மாற்றிக்கொள்ளும் நம்பகமான கருவிகள் பிறகுதான் வந்தன.

பெயர் அலகானது எப்படி?

1849-ல் ஓம் மியூனிக் நகருக்கு அழைக்கப்பட்டார். 1852-ல் அங்கே பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர் நாற்காலி கிடைத்தது. 1827 புத்தகத்தை எழுதும்போது அவர் ஆசைப்பட்டது இப்படி ஒரு பதவிக்குத்தான். வந்து சேர்ந்தபோது வயது 63. திருமணம் செய்துகொள்ளவில்லை. 1854 ஜூலை 6 அன்று மியூனிக்கில் இறந்தார்.

அதே 1854-ல் இந்தியாவில் ஆக்ராவுக்கும் கல்கத்தாவுக்கும் இடையே தந்தி ஓட ஆரம்பித்திருந்தது. அவர் கணக்குக்கு உண்மையான தேவை வந்தது அந்தத் தந்திக் கம்பிகளால்தான். நூறு கிலோமீட்டர் கம்பியில் எங்கோ ஓரிடத்தில் மின்சாரம் மண்ணில் இறங்குகிறது. எந்த இடம் என்று எப்படித் தெரியும்? ஒரு கிலோமீட்டருக்கு 5 ஓம் என்று தெரிந்து, அலுவலகத்தில் அளக்கும்போது 300 ஓம் வந்தால், பழுது ஏறக்குறைய 60-வது கிலோமீட்டரில். ஆள் அனுப்ப அந்த ஒரு வகுத்தல் போதும். 1858-ல் அட்லாண்டிக் கடலுக்கு அடியில் போட்ட முதல் கேபிள், அளவுக்கு மீறிய வோல்டேஜும் சேர்ந்துகொள்ள, சில வாரங்களில் செத்துப்போனது. தடையைத் துல்லியமாக அளக்காமல் தந்தித் தொழில் நடத்த முடியாது என்பது அப்போது எல்லோருக்கும் உறைத்தது.

அளக்க ஒரு பொது அலகு வேண்டும் என்று 1861-ல் பிரிட்டனில் குழு அமைத்தார்கள். தந்திப் பொறியாளர்கள் அதற்கு ஓமின் பெயரை முன்மொழிந்தார்கள். 1881-ல் பாரிஸில் கூடிய சர்வதேச மின்சார மாநாடு வோல்ட், ஆம்பியர் ஆகியவற்றோடு ஓம் என்பதையும் உலக அலகாக ஏற்றது. அவர் இறந்து அப்போது 27 ஆண்டுகள் ஆகியிருந்தன.